பார்க்கத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்

அஜக்ஸ்,
மே 4.

அன்புத் தங்கை நிரூபாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்களும் எட்மன்டன் குளிரிலிருந்து ஒருவாறு தப்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கேட்டதற்கு அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். தொலைபேசியில் என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான்.

பெரிய கூடைப்பந்து அணிகள் புதிய ஆட்களை எடுக்க முன்னர் சிக்காகோவில் வைக்கும் முகாமுக்கு உன் மகன் பிரவீனனைக் கூப்பிட்டிருக்கும் செய்தியை, உன் அத்தான் அன்றைக்கே அஜக்ஸ் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். மீன் கடையையும் விடவில்லை. கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "உங்கட தங்கச்சியின்ர மகனாமே!" என்றா. "ஓம், பந்து பழகினது எங்கட வீட்டு வாசல் டிரைவ்வேயில" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தேன். நீங்கள் எட்மன்டனுக்குப் போகும்வரை இரண்டு பெடியன்களையும் விட்பி, ஒஷாவா என்று பக்கத்து ஊர்ப் பயிற்சிகளுக்குக் காரில் ஏற்றி இறக்கியவள் நான். பிரவீனனுக்கு இடக்கையால் பந்து போடக் காட்டிக் கொடுத்தவன் என் மகன் மிதுனன். உன் மகனைவிட அவன் உயரமும்கூட. இதையெல்லாம் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் ரொறன்ரோவில் ஒரு சின்னத் தெரிவுப் போட்டி நடந்தது. மிதுனன் தானே கேட்டு இடம் எடுத்துப் போனான். அணிகளின் ஆட்கள் முன்வரிசையில்தான் இருந்தார்கள். இவன் ஆட இறங்கிய நேரம் பார்த்துச் சாப்பாடு எடுக்க எழும்பிப் போய்விட்டார்கள். அடுத்த கிழமை உன் மகனுடைய செய்தி வந்தது. எனக்கு வயிறு எரிந்தது, நிரூபா. கூடப்பிறந்தவளின் பிள்ளை என்றும் பாராமல் எரிந்தது.

அவன் அங்கே இறங்கி விளையாடுவதா விடுவதா என்று நீ கேட்டதற்கு இனி வருகிறேன். உயரத்தையும் கை நீளத்தையும் அளக்கக் கொடுத்துவிட்டு, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பட்டும், முகாமில் வைக்கும் போட்டிகளில் இறங்கி ஆட்டம் பிழைத்துப் போனால் இருக்கிற பெயரும் போய்விடும் என்கிறாராம், அவனுக்காக அணிகளோடு பேசும் ஏஜென்ற். முப்பது அணிக்காரரும் ஒன்றாக இருந்து பார்த்தால் பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிடும் என்பது உன் பயம். அவனோ, "பெரியம்மாவைக் கேளுங்கோ, அவ சொல்றபடி செய்யிறன்" என்று எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டான்.

ஏஜென்ற் சொன்னபடியே செய்யட்டும் என்றுதான் முதலில் எனக்கு வாயில் வந்தது. அவனுடைய நன்மைக்காக வரவில்லை. அவனையும் ஒருவரும் பார்க்காமல் போகட்டும் என்றுதான் வந்தது.

உள்ளதைச் சொன்னால், அளந்து பார்த்தால் அங்கே வருபவர்களுக்குள் உன் மகன் கட்டை. கை நீளமும் காணாது. நாலு பேரோடு சேர்ந்து ஆடும்போதுதான் அவன் யாரென்று தெரியும். எவன் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பாராமலே பந்தைக் கொடுப்பான். அதை எந்த நாடாவாலும் அளக்க முடியாது. இறங்கி ஆடாவிட்டால் அவனை மறந்துவிட்டு அடுத்தவனைப் பார்ப்பார்கள். கண்ணூறு என்கிறாய். பார்க்கத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்! அங்கே என் பிள்ளை நின்றிருந்தால் நான் வாசலில் நின்று ஆட்களை உள்ளே கூப்பிட்டிருப்பேன்.

மிதுனனிடமும் கேட்டேன். "அவன் விளையாடத்தான் வேணும் அம்மா. ஒளிச்சா, பயந்திட்டான் எண்டு நினைப்பினம்" என்றான். சொல்லிவிட்டு இரவிரவாகப் பிரவீனனுக்கு ஏதோ வீடியோக்கள் தேடி அனுப்பிக்கொண்டிருந்தான். நல்ல காலம், என் பிள்ளைக்கு என் குணம் வரவில்லை.

ஆகவே, விளையாடச் சொல். பெரியம்மா சொன்னா என்று சொல். மிச்சம் உனக்கு மட்டும். அவன் அங்கே சறுக்கினால், ஒரு நாளைக்காவது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அப்படியொரு நாள் எனக்கு வராமல் முருகனும் பிரவீனனும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
யோகராணி