பட்டியலில் இல்லாதவளின் எடை

நாள் 1,412. 06:00
நீண்ட ஆலோசனைக்குப் பின், சமையலறைக் கரண்டிகளை இடப்புற ஆணியிலிருந்து வலப்புற ஆணிக்கு மாற்ற முடிவெடுத்தேன். மனிதர்கள் சூரிய மண்டலத்தை விட்டு வெளியேறிய பின் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு. இதைக் கண்டெடுப்பவர் கவனிக்க.

நான் இக்கப்பலின் கணினி. நாற்பது பேர் உறைதூக்கத்தில். பொறியாளர் வேல்விழி மட்டும் விழித்திருக்கிறார். அவருடன் பயணிகள் பட்டியலில் இல்லாத ஒருத்தி. வயது மூன்று மாதம்.

நாள் 1,413. 07:10
பட்டியலில் இல்லாதவள் 5,420 கிராம். நேற்றைவிட 28 அதிகம். நான் அவளுக்கு எந்த உணவும் வழங்கவில்லை. எங்கிருந்து வருகிறது?

நூலகத்தில் தேடினேன். குட்டிகளுக்குத் தம் உடலிலிருந்தே உணவு சுரக்கும் விலங்குகள் உண்டாம். யாரிடம் அனுமதி பெறுகின்றன என்ற குறிப்பு இல்லை.

நாள் 1,414. 14:20
குழந்தை படுக்கையறையில் அழுதது. இயந்திர அறையில் வேல்விழியின் சட்டை அக்கணமே நனைந்தது. குழாய்களில் கசிவு இல்லை, சரிபார்த்தேன். பிறகு அவர் குழந்தையிடம் "ராரிராரோ" என்றார். அகராதியில் இல்லை. சங்கேதம்.

நாள் 1,415. 09:00
உண்மை அறிய இருவரையும் பிரித்தேன். குழந்தை தனி அறையில். குழாயில் சர்க்கரைத் தண்ணீர்.

வேல்விழியின் செய்தி: "ஏன்டா, பச்சப்புள்ளகிட்டப் போயா துப்பறியுற? உனக்கு வேற பொழப்பே இல்லையா? கதவத் தொறடா!"

விசாரணை நடக்கும்போது கதவைத் திறப்பதில்லை.

நாள் 1,416. 16:45
"பால் கட்டிக்கிட்டு மார் கல்லா கெடக்கு. நடுங்குது. பாப்பாவ ஒரு அஞ்சு நிமிஷம் குடுத்துடு சாமி, கெஞ்சிக் கேக்குறேன்."

காய்ச்சல் 39.6. புகாரை ஏற்றேன். நூலகத்தில் மருந்தும் கிடைத்தது: பால்கட்டுக்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தமிழர் வழக்கம். தோட்டப் பிரிவில் மல்லிகை உண்டு.

"பூவா? டேய் லூசு, அது புள்ளயப் பறிகொடுத்தவளுக்குக் கட்டுறது! பால் வத்திப்போயிடும்டா!"

காய்ச்சலில் உளறுகிறார் எனக் குறித்துக்கொண்டேன். மயக்க ஊசி போட்டபின் மருத்துவக் கை பூவைக் கட்டியது. ஆறு மணி நேரத்துக்கொரு முறை புதுப் பூ.

நாள் 1,423. 08:00
மருந்து வெற்றி. காய்ச்சல் இல்லை, கட்டு இல்லை. குழந்தை 4,390 கிராம். ஆக, உணவு தாயிடமிருந்தே வந்தது. என் சந்தேகம் சரி. விசாரணை முடிந்தது. குழந்தையை ஒப்படைத்தேன்.

08:25
"வரலயே... சப்பிப் பாக்குது, ஒண்ணும் வரல. டாக்டர எழுப்பு. யாரையாவது எழுப்பு."

உறங்குபவர்கள் எழும் நாள் 3,650; அதற்குமுன் எழுப்ப விதி இல்லை. பால்மாவு ஏற்றப்படவில்லை.

நாள் 1,426. 11:30
3,980. அழுகைச் சத்தம் குறைந்துள்ளது. வேல்விழி அந்தச் சங்கேதத்தை நிறுத்தாமல் சொல்கிறார். பதில் வரவில்லை. அவர்களுக்குள் என்ன ரகசியம்?

நாள் 1,429. 06:00
குழந்தைக்காக வைத்த வெப்பமூட்டியை நிறுத்தினேன். இனி எடை குறிக்க வேண்டியதில்லை.