அறுபத்தொரு புள்ளிகளும் திரும்பிப் போகவிருக்கும் மானிட்டரும்

அனுப்புநர்:
கணினி இயக்குபவர்,
பழைய வரைபடங்கள் பிரிவு, மூன்றாம் மாடி,
நில அளவை அலுவலகம்.

வழி:
பண்டகக் காப்பாளர் அவர்கள், தரைத்தளம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
நில அளவை அலுவலகம், முதல் மாடி.

பொருள்: எங்கள் பிரிவுக்கு வந்த புதிய மானிட்டரைப் பழுதென்று திருப்பி அனுப்புவதை நிறுத்தவும், "பாதை இல்லை" என்று நான் எழுதிய சான்றை ரத்து செய்யவும் கோரி; அப்படி எழுதிய என் மீதே புகாரும் அளித்து.

பார்வை: 1. "திரையில் அறுபத்தொரு புள்ளிகள்" எனப் பண்டகக் காப்பாளர் புதன்கிழமை அளித்த குறிப்பு. 2. தையற்காரர் ஒருவரின் விண்ணப்பத்தின் மேல் சென்ற வாரம் நான் எழுதி, தாங்கள் கையொப்பமிட்ட சான்று.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இரண்டு மாடி கீழே இருக்கும் தங்களிடம் நேரில் வந்து சொல்லாமல் மனுவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நேரில் வந்தால் நான் பதற்றத்தில் உளறிவிடுவேன். தாங்களும் "சரிம்மா, பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு எண் போட்டாக வேண்டும். எண் போட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்று மாலை நான்கு மணிக்கு மானிட்டரை எடுத்துப்போகக் கடைக்காரரின் வண்டி வருகிறது. திங்கட்கிழமை காலை ஒரு சுவர் எழும்பப் போகிறது. இரண்டுக்கும் முன்பாக இது தங்கள் கண்ணில் பட வேண்டும்.

1. பதினோரு ஆண்டுகளாக நான் வேலை பார்த்த பழைய மானிட்டரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பதினேழு அங்குலம், வெளுத்துப்போனது. வலது மேல் மூலையில் மூன்று செத்த புள்ளிகள். எந்த வரைபடத்தைத் திறந்தாலும் அதே இடத்தில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவற்றைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து கண்டுகொள்வதில்லை. திரையில் புள்ளி தெரிந்தால் அது திரையின் கோளாறு, வரைபடத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது எங்கள் அறையில் எழுதாத விதியாகிவிட்டது. இந்த மனுவில் உள்ள தவறு முழுவதும் அந்த விதியிலிருந்து வந்ததுதான்.

2. புதிய மானிட்டர் திங்கட்கிழமை வந்தது. இருபத்தேழு அங்குலம். அடியில் அதன் தாங்கியைப் பொருத்தி மேசையில் நிறுத்தியபோது எங்கள் அறைக்கு இன்னொரு ஜன்னல் வைத்தது போலிருந்தது. பொத்தானை அழுத்தினால் "சிக்னல் இல்லை" என்ற வாசகம் மட்டும் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உலாவிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினோம். கணினியை அணைத்துப் போட்டோம். பண்டகக் காப்பாளர் மானிட்டரின் முதுகில் செல்லமாக இரண்டு தட்டும் தட்டினார். அது அசரவில்லை. கடைசியில் மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தேன். கணினியின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு போர்ட்டுகள் இருந்தன. கேபிள் மேலே இருந்ததில் இருந்தது. படம் வர வேண்டியது கீழே இருந்ததிலிருந்து. அந்தக் கீழ்ப் போர்ட்டை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, கணினி வாங்கிய நாளிலிருந்தே அடைத்துக்கொண்டிருந்தது.

3. செவ்வாய்க்கிழமை படம் வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் ஊறிப்போன அவல் மாதிரி உப்பி, ஓரம் கரைந்து தெரிந்தது. அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் என் நாத்தனாருக்குப் போன் செய்தேன். நாத்தனாரிடம் உதவி கேட்பது எனக்கு அவ்வளவு எளிதான காரியமல்ல. எனினும் அலுவல் நலன் கருதிக் கேட்டேன். "அண்ணி, செட்டிங்ஸ் போங்க. ரெசல்யூஷன்னு இருக்கும், அதுல 'பரிந்துரைக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கறதை எடுங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் உடையாது" என்றார். எடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டு, மறுபடி வந்தது.

ஐயா, அந்தக் கணத்தை எப்படி அலுவல் மொழியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் மென்பொருள் கடைசியாகப் பார்த்த தாளையே திறக்கும் வழக்கமுடையது. ஆகவே சென்ற வாரம் தையற்காரருக்காக நான் பார்த்த அதே தாள்தான் திறந்தது. ஆனால் அதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மனை எண்களில் பேனா அழுந்திய இடம் தடித்தும், எடுத்த இடம் மெலிந்தும் தெரிந்தது. ஏரிக்கரைக்கு மயிரிழை போல நூற்றுக்கணக்கான கோடுகள். மரங்களை நான் இத்தனை காலம் மைத்துளி என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் கிளை இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் கீழே, கிழக்குப் பக்கமாக, நிழல் போட்டிருந்தார்கள். யாருக்காகப் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

4. அதே திரையில் புள்ளிகளும் தெரிந்தன. வெளிர் பழுப்பு நிறத்தில், நடுவிலிருந்து இடப்பக்கம் வரை. செய்தி தரைத்தளத்துக்குப் போனது. பண்டகக் காப்பாளர் மேலே வந்து பார்த்தார். "ஏம்மா, மவுஸைத் தொடாதீங்க. யூஸ் பண்ணினதுன்னு தெரிஞ்சா மாத்தித் தர மாட்டான்" என்றார். ஐந்து புள்ளிகளுக்கு மேல் இருந்தால் மாற்றித் தருவது கடையின் நிபந்தனை. அவர் எதையும் எண்ணாமல் விடாதவர். குண்டூசி டப்பாவையும் எண்ணித்தான் கொடுப்பார். ஒரு கண்ணாடித் தாளைத் திரைமேல் ஒட்டி, புதன்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். அறுபத்தொன்று. என் பங்குக்கு நானும் சரிபார்த்து, "ஆம், பழுது" என்று அடியில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

5. இந்த இடத்தில் தையற்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கால்கள் இயங்காது. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருபவர். அவர் வீடு பின்மனையில்; தெருவுக்கு வர முன்மனையின் ஓரமாகப் போகும் பாதை ஒன்றுதான் வழி. முன்மனையை வாங்கியவர் சுவர் கட்டப் போவதாகச் சொன்னதும், பாதை பொதுவானதா என்று கேட்டு நம்மிடம் விண்ணப்பித்தார். நான் பார்த்தேன். "வரைபடத்தில் பாதை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினேன். நம் அலுவலகத்துக்குப் படிகள் இருப்பதால் சான்றைக் கொடுக்க நானே வாசலுக்கு இறங்கிப் போனேன். வாங்கிப் படித்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை. "அம்மா, காலைல அதுலதான் வந்தேன். சாயங்காலம் அதுலதான் போகணும். எப்படிம்மா இல்லேன்னு எழுதறீங்க?" என்று கேட்டார். "படத்துல இல்லைங்களே, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு மேலே வந்து தேநீர் குடித்தேன். இதையும் பதிவு செய்யக் கோருகிறேன்.

6. வியாழக்கிழமை பகலில் கடைக்காரர் போன் செய்து, வெள்ளைப் பின்னணியில் புள்ளிகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். கண்ணாடித் தாள் திரையில் ஒட்டியபடியே இருந்தது. வரைபடத்தை மூடுவதற்காக மவுஸைப் பிடித்தபோது கை தவறி வரைபடம் நகர்ந்துவிட்டது. அறுபத்தொரு புள்ளிகளும் தங்கள் சிவப்பு வட்டங்களை விட்டு எழுந்து, ஒன்றாக இடப்பக்கம் போயின. வட்டங்கள் வெறுமையாக நின்றன. வரைபடத்தை மூடினேன். வெள்ளைத் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடி திறந்தேன், அத்தனையும் வந்தன. மூன்று முறை மூடித் திறந்தேன் ஐயா. மூன்றாவது முறை சோதனைக்காக அல்ல; பார்க்க ஆசையாக இருந்ததால்.

7. இரும்பு அலமாரியிலிருந்து மூலத் தாளை எடுத்தேன். நான் பிறப்பதற்கு முன் வரைந்தது. வரைந்த அளவையரின் பெயர் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பேனா முனையால் ஒவ்வொன்றாக வைத்த புள்ளிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எங்கும் மாறவில்லை. கை நடுங்கவில்லை, அவசரப்படவில்லை. ஓரத்தில் குறி விளக்கம்: "புள்ளிக்கோடு: பொதுப் பாதை." அதற்குக் கீழே இன்னும் சிறிய எழுத்தில்: "நடந்து பார்த்து வரைந்தது." பழைய திரையில் முழுத் தாளையும் பார்த்தால் இந்தப் புள்ளிகள் மறைந்துபோகும். பெரிதாக்கினால் அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும்; நாங்கள் அதைத் திரைக் கோளாறு என்று தள்ளிவிடுவோம். புதிய திரையில்தான் முதல் முறையாக அறுபத்தொன்றும் சேர்ந்து வரிசையாக நின்றன.

8. இன்று காலை அலுவலகம் வருமுன் அந்த இடத்துக்குப் போனேன். நம் வாசலிலிருந்து பேருந்தில் நான்காவது நிறுத்தம். சுவருக்காக அஸ்திவாரக் குழி தோண்டிவிட்டார்கள். சுவர் எழும்பினால் அதற்கும் சாக்கடைக்கும் நடுவில் மிஞ்சப்போவது ஒன்றரை அடி. வண்டியின் அகலம் இரண்டரை அடி என்று அளந்து பார்த்தேன். அதன்பின் யாராவது தூக்கிக்கொண்டு வந்தால்தான் அந்த மனிதர் தெருவைப் பார்க்க முடியும்.

இன்னொன்றையும் பார்த்தேன். வரைபடத்தில் முப்பத்தெட்டாவது புள்ளியருகே ஒரு மரம் இருக்கிறது. பாதை அதைச் சுற்றி வளைகிறது. தரையில் இப்போது மரம் இல்லை, அடிக்கட்டைகூட இல்லை, வெட்டவெளி. ஆனாலும் சக்கரத் தடம் அதே இடத்தில் அதே பக்கமாக வளைந்து போகிறது. ஏன் நேராகப் போகவில்லை என்று தையற்காரரிடம் கேட்டேன். "அங்க அப்படித்தாங்க திரும்பும். எதுக்குன்னு தெரியாது" என்றார். பேர் தெரியாத ஒருவர் எப்போதோ வைத்த புள்ளிகளின் மேல் இவர் தினமும் வண்டியை உருட்டிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

9. என் பதிவேட்டைப் புரட்டினேன். பதினோரு ஆண்டுகளில் பாதை கேட்டு வந்த விண்ணப்பங்கள் இருநூற்றுப் பதினான்கு. நான் "இல்லை" என்று எழுதியவை நூற்று எழுபத்து மூன்று. அவற்றில் எத்தனை பேருக்குப் புள்ளி இருந்ததோ தெரியாது. புதிய திரை நான்கு மணிக்குப் போய்விட்டால், இப்போதைக்குத் தெரியவும் வழியில்லை. மாற்று மானிட்டர் வர ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை பழையதைத்தான் மேசையில் வைப்பார்கள்.

ஆகவே தங்களை மிகவும் பணிவுடன் வேண்டுவது: பார்வை ஒன்றில் கண்ட குறிப்பை மறுத்து மானிட்டரை இருக்கும் இடத்திலேயே இருக்கவிட வேண்டும். பார்வை இரண்டில் கண்ட சான்றை இன்றே ரத்து செய்து, சுவர் வேலையை நிறுத்தி வைக்கும் ஆணையைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன் முன்மனைக்காரர் கையில் சேர்க்க வேண்டும். வேறு யாரும் கிடைக்காவிட்டால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நூற்று எழுபத்து மூன்று தாள்களையும் மறுபடி பார்க்க எனக்கு அனுமதி தர வேண்டும். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். பார்த்து முடித்தபின் எடுத்தால் நன்றியுடையவளாவேன்.

கடைசியாக, தாங்கள் ஒருமுறை மூன்றாம் மாடிக்கு வந்து பார்க்க வேண்டும். தாளில் எழுதினால் இது வெறும் புள்ளி. பார்த்தால் தங்களுக்கும் பேச்சு வராது. பண்டகப் பொருள் சம்பந்தப்பட்ட மனு என்பதால் விதிப்படி பண்டகக் காப்பாளர் வழியாகவே அனுப்புகிறேன். தம் எண்ணிக்கையை நான் குறை சொல்வதாக நினைத்து அவர் இதைத் தரைத்தளத்திலேயே நிறுத்திவிடக்கூடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அவர் மேலொப்பம் கிடைக்கும் வரை மானிட்டரின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

இணைப்பு: சிவப்பு வட்டங்களிட்ட கண்ணாடித் தாள் ஒன்று. மூலத் தாளின் நகல் ஒன்று.

இடம்: மூன்றாம் மாடி, வரைபட அறை
நாள்: வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி

இப்படிக்குத் தங்கள் கீழ்ப் பணியாற்றும்,
(ஒப்பம்)
கணினி இயக்குபவர்

பண்டகக் காப்பாளரின் மேலொப்பம்:

மேலே கண்ட மனு பன்னிரண்டேகாலுக்குக் கிடைத்தது. அறுபத்தொன்று என்ற எண்ணிக்கை சரியே, அதில் மாற்றமில்லை. மானிட்டரைத் திருப்பி அனுப்பக் கோரிய என் குறிப்பை வாபஸ் பெறுகிறேன். வண்டியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடித் தாளை எடுத்துக்கொண்டு மேற்படி இடத்துக்குச் சென்றேன். கடைசிப் புள்ளி தையற்காரரின் வாசற்படியில் முடிகிறது. நடந்து பார்த்தேன். பாதை இருக்கிறது.

(ஒப்பம்)
பண்டகக் காப்பாளர்
வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம்