ஏழு கிண்ணம் தேநீர்

அம்மா, இதை யாரிடமும் காட்டாதீர்கள், அண்ணனிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்களும் யாக் மந்தையும் நலமா? பள்ளி விடுமுறைக்குச் சித்தியின் தேநீர்க்கடையில் நன்றாக இருக்கிறேன்.

இன்று ஒரு வெளிநாட்டு அக்கா வந்தாள். ஊற்றிய வெண்ணெய்த் தேநீரை மரியாதைக்காக ஒரே மூச்சில் குடித்தாள். புறப்படும்போதுதான் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"விருந்தாளி கிண்ணம் காலியா இருந்தா ஊரே சிரிக்கும், ஊத்துடி தோல்கர்!" என்றாள் சித்தி என்னிடம்.

ஏழாவது கிண்ணத்தில் கடைசிப் பேருந்து போய்விட்டது. இங்கே தங்க அவளுக்கிருந்த அனுமதி இன்று மாலையோடு முடிந்தது. போலீசுக்குத் தெரிந்தால் கடையை மூடிவிடுவார்கள்.

"நாம ஊத்தித்தானே மாட்டிக்கிட்டா, நாமதான் ஏத்திவிடணும்" என்று சித்தி அவளை வறட்டி அறையில் படுக்கவைத்தாள். விடிந்ததும் சித்தப்பாவின் லாரியில் ஏற்றிவிடுவோம். எனக்குக் கவலையே இல்லை, தாழ்ப்பாளை மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் பழைய கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

போலீஸ்காரர் கதவைத் தட்டுகிறார். "வாங்க ஐயா, சூடா ஒரு கிண்ணம் குடிச்சிட்டுத் தேடுங்க" என்கிறாள் சித்தி. நான்தான் ஊற்ற வேண்டும். விடியும்வரை அவர் கிண்ணத்தைக் காலியாக விடமாட்டே—