ஏரிக்கரைத் திருப்பம்

மாசி 9, வெள்ளி.

வைக்கோல் முழுவதும் இன்று வீடு வந்து சேர்ந்துவிட்டது. வருஷா வருஷம் ஏரிக்கரைத் திருப்பத்தில் நான்கு உருளைகளாவது டிரெய்லரிலிருந்து சரிந்து விழும். இந்த முறை பாரம் கட்டியது நான். டிராக்டரில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சேகர், "எறங்குங்க அண்ணி. பாரம் கட்றது இன்னா, கோலம் போட்ற மாரியா?" என்றான். நான் இறங்கவில்லை. கீழடுக்கின் பள்ளங்களில் மேலடுக்கை உட்காரவைத்து, கயிற்றைக் காலால் உதைத்து இறுக்கினேன். திருப்பத்தில் ஓர் உருளைகூட அசையவில்லை. வீட்டு வாசலில் முடிச்சோடு வெகுநேரம் மல்லுக்கட்டியவன், கடைசியில், "அண்ணி, இத கொஞ்சம் அவுத்துட்டுப் போங்களேன்" என்றான். தொங்கிய நுனியை ஒரே இழுப்பு இழுத்தேன், அவிழ்ந்தது.

உள்ளங்கை எரிகிறது. இருந்தாலும் நாளைக் காலையில் வாசலை அடைத்துக் கோலம் போடப்போகிறேன்.