பதினான்காம் குழாய்

நாள் 212, காலை 6.10
இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும்: நான் செண்பகவடிவு, பாய்லர் காவல். வானத்தைப் புகை மூடி ஏழு மாதம். வெயிலில் ஓடிய எந்திரம் எல்லாம் செத்துவிட்டது. இந்தப் பழைய அனல் நிலையத்தின் அடியில், சுரங்கத்தில், நானூற்றுப் பன்னிரண்டு பேர். மேலே நான் ஒருத்தி. இந்த நெருப்பு எரிந்தால்தான் கீழே விசிறி ஓடும். விசிறி ஓடினால்தான் மூச்சு.

நீராவி 540 டிகிரி. கரி போதும். நீராவி ஓடும் முப்பது குழாய்களில் 14-ஆம் குழாயின் சுவர் மட்டும் தேய்ந்து 5.8 மில்லிமீட்டர். போன வாரம் 6.4. தேய்ந்து வெடித்தால் நெருப்பும் விசிறியும் அதோடு முடிந்தது.

லிஃப்டில் வழக்கமான ஒரு படி உப்பு வந்தது. பிள்ளைகள் தலையைச் சுற்றி எடுத்தது. பார்வைக் கதவைத் திறந்து தீயில் போட்டேன். முதல் நாளிலிருந்து போடுகிறோம். ஒரு பிள்ளையும் சாகவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்த மீட்டர் முட்களை என்னைப் போல் வாசிக்க இங்கே ஆளில்லை.

நாள் 219, பகல் 11.40
14: 4.1. பக்கத்துக் குழாய்கள் 13, 15-உம் தேய்கின்றன. மற்றவை அப்படியே. கீழே இருக்கும் இன்ஜினியர் ஜெனோவாவைப் போனில் கூப்பிட்டேன்.
"வடிவக்கா, மீட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கும். ஒரு தட்டு தட்டுங்க."
"ஏட்டி, மீட்டருக்கா, எனக்கா? நேராச் சொல்லு."
சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் 220, காலை 9.05
14-இன் மேல் படிந்த சாம்பலை நீளக் கம்பியால் சுரண்டி எடுத்தேன். ஆறியதும் நாக்கில் வைத்தேன். இருபது வருடம் உப்பளத்தில் பாத்தி நீரை நாக்கால் பதம் பார்த்தவள் நான். உப்பு.
போனில் ஜெனோவாவிடம் சொன்னேன்.
"சூட்டுல இரும்பு மேல மெல்லிசாத் துரு படியும்க்கா. அதுதான் அதுக்குத் தோலு. உப்பும் கரியில உள்ள கந்தகமும் சேந்து உருகுனா அந்தத் தோல அரிச்சிரும். பொறவு இரும்பத் திங்கும். அந்த மூணு குழாய்க்கு நேரா என்ன இருக்கு?"
"பார்வைக் கதவு."
"அதுவழியா என்னத்தப் போடுதீய?"
நீயும்தானே உன் மகன் தலையைச் சுற்றி அனுப்பினாய் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாள் 221, காலை 7.00
தீயைப் பாதியாக்கினேன், உப்பை நிறுத்தினேன். 14: 3.4. கீழே புதுக் குழாய் வளைக்கிறார்கள். பத்து நாள் வேண்டும். தீ அடங்கியிருந்து, உப்பு விழாமலும் இருந்தால் 14 அதுவரை தாங்கும். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லும்படி ஜெனோவாவிடம் சொன்னேன். நம் சனங்கள்தானே, புரியும்.

நாள் 223, மாலை 4.20
14: 3.3. தாங்குகிறது.
லிஃப்டில் ஏழு மூட்டை உப்பு வந்திருக்கிறது. போனில் ஜெனோவா:
"நீய உப்ப நிறுத்துனதாலதான் வெளிச்சம் மங்கிட்டுன்னு சொல்லுதாவ. கத்திப் பாத்துட்டேன்க்கா. கேக்கல. ஆள் வாராவ."

நாள் 223, மாலை 5.30
கதவுக்குக் கம்பியை முட்டுக் கொடுத்தேன். உடைத்துவிட்டார்கள். நான்கு பேர். முன்னால் நின்றது என் மருமகன் சிவனணைந்தான், கையில் ஒரு பொட்டலம்.
"அத்தை, பாப்பா தலையச் சுத்தி எடுத்தது. ரெண்டு நாளா அவளுக்கு மூச்சு வாங்குது. இத மட்டுமாவது போட வுடுங்க."
"தீயக் குறைச்சதால காத்து குறைஞ்சிருக்குய்யா. எட்டு நாள் பொறு. உன் காலப் புடிக்கேன்."
"எட்டு நாள் அவ தாங்கமாட்டா."
அழுதுகொண்டேதான் தீயை முழுதாக ஏற்றினான். பொட்டலம் விழுந்தது. பிறகு மூட்டைகள்.

நாள் 224, காலை 6.15
14: 1.9. என்னை மீட்டர் பக்கம் மட்டும் விடுகிறார்கள். எண்ணைச் சொன்னால், "அத்தை, சும்மா இருங்க" என்கிறான். விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. பாப்பா எழுந்து கஞ்சி குடித்தாளாம். கீழே குலவை போடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன்.

நாள் 225, காலை 6.10
14: 0.8.
கடைசி மூட்டையைப் பிரிக்கிறார்கள். சிவனணைந்தான் கையைப் பிடித்தேன். தள்ளிவிட்டான். தீ மஞ்சளாகப் பொங்குகிறது. நான்கு பேரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.
குழாயில் சீறல் கேட்கிறது. மெல்லிசாக. இவர்களுக்குக் கேட்கவில்லை.
ஜெனோவாவிடம் சொல்லவேண்டும், பிள்ளைகளை முதலில் வெளியே