தலை இல்லாத படம்

நேற்று தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் செருப்பு அறுந்துவிட்டது. தைப்பவர் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்தப் பசை வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. வழக்கமாக அந்த வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவேன். நேற்று நகரவில்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

குரோம்பேட்டையில் அந்தச் செருப்பு ஷெட் நினைவிருக்கிறதா? ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் போல, மாதிரிகளைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போனோம். நீ கேமராவை வெளியே எடுத்ததும் முதலாளி அங்கே வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பின் அறைக்கு விரட்டினான். விரலெல்லாம் பசை காய்ந்த ஒரு சிறுமி மட்டும் மிச்சம்.

"எங்க அண்ணன் பொண்ணும்மா, லீவுக்கு வந்துகீது" என்றான். கேட்டிருந்தால் பின் அறையில் இருந்தவர்களும் அண்ணன் பிள்ளைகள்தான் என்று சாதித்திருப்பான்.

எந்தப் பிள்ளையை எடுப்பதற்கு முன்னும் கேமராவை அதன் கழுத்தில் மாட்டி, "மொதல்ல நீ என்னை எடு" என்பாய். ஃபிலிம் விற்கிற விலையில் இது கொழுப்பு என்று நான் திட்டுவேன். "கேக்காம எடுத்தா அது திருட்டுடி" என்பாய். அன்றும் மாட்டினாய். "இத்த அமுக்கணுமாக்கா?" என்று கேட்டு அவள் அமுக்கினாள். முதலாளிகூட வேடிக்கை பார்த்துச் சிரித்தான்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், அவள் எடுத்த படத்தில் கழுத்துக்கு மேல் நீ இல்லை. உன் இடுப்புக்குப் பக்கத்தில் திறந்த கதவு. உள்ளே சுவரோரமாகப் பிள்ளைகள், மடியில் பசை டப்பாக்கள். நீ எடுத்த எதிலும் சிக்காதது அந்தக் கோணல் படத்தில் சிக்கியது. அதைக் காட்டித்தான் அதிகாரிகளை வரவழைத்தோம். ஷெட்டை மூடினார்கள். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். நீயோ அவள் வீட்டைத் தேடிப் போனாய். பூட்டுத்தான் தொங்கியது. குடும்பமே காலி செய்துகொண்டு போயிருந்தது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உனக்கு அதே கவலை. "அவ ஸ்கூலுக்குப் போனாளா, இல்ல வேற ஷெட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

போன ஞாயிறு அஸ்தினாபுரத்தில் ஒரு மண்டபத்தில் உன் படங்களை மாட்டினோம். நீ சொல்லியிருந்தபடியே, அந்தப் படத்தின் கீழே 'ஒரு சிறுமி எடுத்தது' என்று மட்டும் எழுதினேன். அதன் முன்னால் ஒரு பெண் நெடுநேரம் நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது நான் எடுத்ததுக்கா. பாவம், தலையை வெட்டிட்டேன்."

சௌக்கியமா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. உன் கேள்வியைத்தான் கேட்டேன்.

"போனேன்க்கா. சிங்கப்பெருமாள் கோவில்ல மாமா வூட்டுக்குப் போயிட்டோம். அங்க ஸ்கூல்ல சேத்துட்டாங்க. இப்போ ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேன். தலையைக்கூட எடுப்பேன், வெட்டுறதெல்லாம் இல்ல."

அப்பாடா! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து என்னைப் பாடாய்ப்படுத்தின. உன் படத்தின் பக்கத்தில் அவளை நிற்க வைத்து எடுக்க ஆசை. ஆனால் உன் பழக்கம் என்னை விட்டால்தானே? என் போனை அவளிடம் நீட்டினேன்.

"மொதல்ல நீ என்னை எடு."

"இப்படி அழுதா படம் ஆடிடும்க்கா. மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க... ஆடாதீங்க... ம், இப்போ விடலாம்."

விட்டேனடி, உனக்கும் சேர்த்து.