கத்துகிற ஸ்கார்ஃப்

ஈலி,
ஞாயிறு, 19 அக்டோபர் 1958

அன்புள்ள ஹெட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உன் தம்பியும் குளிருக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே ஆஸ்திரேலியாவில், ஹோபர்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறவரும் வெயிலோடு சௌக்கியம்தானே. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே, என் மூக்குக்கண்ணாடி மேல் டென்னிஸ் உட்கார்ந்துவிட்டான், அதற்குத் தண்டனையாக நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். (அக்கா, நான் உட்காரவில்லை, கண்ணாடிதான் எனக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சரக்கு.)

அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கு வந்து இறங்குகிற காலம், வீடு வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிறார். மூடுபனி ஒரு வாரமாக விலகவில்லை, தேவாலயக் கோபுரம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சந்தையில் என் கடை நடக்கிறது, அதே பாசிமாலை, அதே ஸ்கார்ஃப். உன் தம்பிக்கு வாய் நீண்டுவிட்டது. காலையில் நான் எந்த ஸ்கார்ஃபைக் கட்டினாலும் அதற்கு ஒரு பட்டம் வைக்கிறான், மினுக்கு, தளுக்கு, பகட்டு, படாடோபம், ஒருநாள் சொன்னதை மறுநாள் சொன்னால் மானம் போய்விடுமாம். போன வாரம் அந்த ஆரஞ்சு நிறத்தில் பச்சைக் கிளி போட்டதைக் கட்டினேன். யம்மா, இது ரொம்ப சத்தமான ஸ்கார்ஃப், இது கத்துற கத்துல நீ பேசுறதே கேக்கல என்றான். சிரித்தேன். (சிரிப்பு வெறும் காற்றாக வந்தது அக்கா. நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் நிஜமாகவே கேட்கவில்லை. இப்போதுகூட அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துத்தான் எழுதுகிறேன்.)

அது சளி. அறுவடை தூசியில் தொண்டை கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். (அறுவடை ஆகஸ்ட்டில்.) வியாழக்கிழமைச் சந்தையில் காற்று அடித்து ஸ்கார்ஃப் பறந்துவிட்டது. எதிரே மிஸஸ் பீச்சி சிவப்புப் பாசிமாலையைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். என் கழுத்தைப் பார்த்தவள் மாலையைச் சூடு பட்டவள் மாதிரி கீழே போட்டாள். ஐவி, நம்ம ஆட்ரியம்மாவுக்கு வந்த அதே இடத்துலல்ல வந்திருக்கு என்றாள், அதுவும் அவள் திருநாளுக்கு முதல் நாள். உனக்குத் தெரியும், இந்த ஊர்ப் புனிதவதிக்குக் கழுத்தில் சிவப்பாகக் கட்டி வந்தது, இளவயதில் மாலை மாலையாகப் போட்டு மினுக்கியதற்கு இது கூலி என்று அவளே சொன்னாளாம். அன்று அதற்குப் பிறகு ஒருத்தி ஒரு மாலை வாங்கவில்லை. சரக்கைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் டென்னிஸ் என்னைத் தேற்றுகிறேன் என்று, மட்டமான மினுக்குச் சாமானுக்கு இங்கிலீஷ்ல உலகமே சொல்லுற வார்த்தை நம்ம ஊர்ல பொறந்ததும்மா, செயின்ட்டோட ஆட்ரியைச் சேரு, செயின்டாட்ரி, தலையை வெட்டு, மிச்சம் டாட்ரி என்றான். (வெட்டு என்று சொன்னதும் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். என் நாக்கைத்தான் வெட்ட வேண்டும்.)

வெள்ளிக்கிழமை அப்பா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் தொட்டுப் பார்த்தார், மறுபடி தொட்டுப் பார்த்தார், எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. வெளியே போய் யாருக்கோ போன் பண்ணிவிட்டு வந்து, வர்ற வியாழக்கிழமை கேம்பிரிட்ஜ் ஆஸ்பத்திரியில படுத்துடணும், கட்டியை எடுத்துடுவாங்க என்றார். வியாழன் சந்தை நாள், முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆட்ரியம்மாவுக்கும் வைத்தியர் ஒருவர் கீறிவிட்டார், நல்லாயிருக்கு என்றார்கள், மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். (அது ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடிம்மா, அப்போ மயக்க மருந்து ஏது, சோப்பு ஏது என்று கத்தினேன். கழுத்து அதே கழுத்துதானேடா என்கிறாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார், நான் ஏதாவது சொல்வேன் என்று. இன்று காலை அம்மா கட்டின ஸ்கார்ஃபுக்கு நான் பட்டமே வைக்கவில்லை அக்கா.)

நீ இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே, கப்பல் ஏறுகிறேன் கிப்பல் ஏறுகிறேன் என்று கிளம்பாதே. கடிதம் உன் கைக்கு வரும்போது எப்படியும் வியாழன் தாண்டியிருக்கும். நன்றாகச் சாப்பிடு, கனம் தூக்காதே. பிள்ளை பெண்ணாக இருந்தால் என் பெயரை வைக்காதே, அது கிழவி பெயர். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். (இரண்டு தடவை சொன்னாள், இரண்டு தடவை எழுதினேன்.) பதில் போட மறக்காதே, அப்பா பெயருக்குப் போடு.

இப்படிக்கு,
ஐவி மார்கரெட் செட்செல்

(கையெழுத்தை அம்மாவே போட்டாள், தடவித் தடவி. எப்போதும் உனக்கு அம்மா என்றுதானே போடுவாள், ஏன் முழுப் பெயர் என்று கேட்டேன். காதைக் கொண்டு போனேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் காகிதத்துல இப்படித்தான் போடச் சொல்வாங்க, கை பழகட்டும்டா என்றாள்.)